பயத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பேச்சு ஆங்கிலம் கற்க வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளின் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பாலிடெக்னிக் மாணவர்கள், செவிலியர் படிப்பில் இருப்பவர்கள், பெங்களூருவில் வேலை கிடைத்துத் தினமும் ரயிலேறுகிறவர்கள் என்று பலர் வருகிறார்கள். ஆனால் பயத்தைக் குறிக்கும் சொற்கள் என்று வந்துவிட்டால், சொல்லிவைத்தாற்போல எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த அந்தச் சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியைக் கூடியவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் சுட்டிச் செல்வதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. "பயம்னு சொல்ல இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தெரிஞ்சா போதாதா சார்? எதுக்கு இத்தனை?"

பேசுவதற்கு மூன்று சொற்கள் போதும்: 'அஃப்ரெய்டு', 'ஸ்கேர்டு', 'வொரீடு'. இவற்றைப் பிழையில்லாமல் கையாளத் தெரிந்தவர் அன்றாடப் பேச்சில் எங்கும் திணற மாட்டார். மற்ற சொற்கள், பிறர் பேசும்போதும் எழுதும்போதும் அவர்கள் எந்த வகைப் பயத்தைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வதற்கு வேண்டும். தமிழிலும் நமக்கு அச்சம், கலக்கம், கிலி, பீதி, திகில், உதறல் என்று பல சொற்கள் இருக்கின்றன. நள்ளிரவில் ஆளில்லாத வீட்டில் கதவு தானாகத் திறந்தால் திகில் என்போம். நாளைக்குக் கடன்காரர் வந்து நிற்பாரே என்பதற்கு யாரும் திகில் என்று சொல்வதில்லை, கலக்கம் என்றுதான் சொல்வோம்.

பல வகுப்புகளில் இந்தச் சொற்களை ஏணிப்படி போல வரைந்து, கீழ்ப்படியில் 'நெர்வஸ்', மேல்படியில் 'டெரிஃபைடு' என்று எழுதிப்போடுகிறார்கள். மனப்பாடம் செய்ய எளிதாக இருந்தாலும், இந்த முறை பாதி உண்மையைத்தான் சொல்கிறது. பயத்தின் அளவைவிட, அது ஆபத்துக்கு முன்னால் வருகிறதா, ஆபத்து எதிரில் நிற்கும்போது வருகிறதா, எல்லாம் முடிந்த பிறகு வருகிறதா, பயப்படுகிறவருக்கே ஆபத்தா அல்லது வேறொருவருக்கு நேர்ந்ததை அவர் பார்க்கிறாரா என்பவைதான் பெரும்பாலும் சொல்லைத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் விடைகள் பலவும் இந்த ஒரு கேள்வியைத்தான் வெவ்வேறு இடங்களில் கேட்டுப் பார்க்கின்றன.

2. "அஃப்ரெய்டு, ஸ்கேர்டு, ஃப்ரைட்டண்டு மூணும் ஒண்ணுதானே?"

பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. 'ஸ்கேர்டு' பேச்சுக்கு நெருக்கமானது. நண்பர்களிடமும் குழந்தைகளிடமும் இயல்பாக வரும். 'ஃப்ரைட்டண்டு' சற்றுக் கட்டுக்கோப்பானது. குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சி ஏற்படுத்திய பயத்தைச் சொல்லும்போது பொருந்தி நிற்கும். 'அஃப்ரெய்டு' எங்கும் செல்லும், ஆனால் அதற்கு ஓர் இடக் கட்டுப்பாடு உண்டு: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அது வராது. 'தி பாய் இஸ் அஃப்ரெய்டு' சரி. 'அன் அஃப்ரெய்டு பாய்' தவறு. அந்த இடத்தில் 'எ ஃப்ரைட்டண்டு பாய்' என்றோ 'எ ஸ்கேர்டு பாய்' என்றோதான் வர வேண்டும். 'அஸ்லீப்', 'அலைவ்' ஆகிய சொற்களுக்கும் இதே குணம் உண்டு.

அடுத்த தடுமாற்றம் வேற்றுமை உருபில் வருகிறது. 'எனக்கு நாய்க்குப் பயம்' என்று நம் ஊரில் பேசிப் பழகியவர்கள், அந்தக் 'கு' உருபை அப்படியே கொண்டுபோய் 'அஃப்ரெய்டு டு டாக்ஸ்' என்கிறார்கள். 'நாயைக் கண்டால் பயம்' என்று நினைக்கிறவர்கள் 'அஃப்ரெய்டு சீயிங் டாக்' என்கிறார்கள். எதைக் கண்டு பயமோ அதற்கு முன்னால் வர வேண்டியது 'ஆஃப்' மட்டுமே: 'அஃப்ரெய்டு ஆஃப் டாக்ஸ்', 'ஸ்கேர்டு ஆஃப் டாக்ஸ்', 'ஃப்ரைட்டண்டு ஆஃப் டாக்ஸ்'.

3. "'ஐ ஆம் ஃபியர்'னு சொன்னேன், கூட இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அதுல என்ன தப்பு?"

'ஃபியர்' பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வரும், பெயரடையாக வராது. ஆகவே 'ஐ ஆம் ஃபியர்' என்றால் 'நான் அச்சம்' என்று ஆகிவிடுகிறது. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்பதற்கு 'ஐ ஆம் ஸ்கேர்டு' போதும். 'ஐ ஃபியர் டாக்ஸ்' என்பது இலக்கணப்படி பிழையில்லை என்றாலும், நாய்க்குப் பயந்தவர் யாரும் வாயால் அப்படிச் சொல்வதில்லை. வினையாக வரும் 'ஃபியர்' எழுத்துக்கும் மேடைக்கும் உரியது.

4. "'ஐ வாஸ் ஃப்ரைட்டனிங்'னு கட்டுரையில எழுதினதுக்கு மார்க்கைக் குறைச்சுட்டாங்க. ஏன்?"

'இங்' என்று முடிந்தால் பயமுறுத்துகிறது என்று பொருள். 'எட்' என்று முடிந்தால் பயந்தது என்று பொருள். யானை 'ஃப்ரைட்டனிங்', அதைப் பார்த்தவர் 'ஃப்ரைட்டண்டு'. நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் படிப்பவர், நீங்கள் மற்றவர்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். 'டெரிஃபையிங்–டெரிஃபைடு', 'வொரியிங்–வொரீடு', 'அலார்மிங்–அலார்ம்டு' எல்லாவற்றுக்கும் இதே விதி பொருந்தும். 'ஸ்கேரி' என்பதும் பயமுறுத்துகிற பக்கத்தைச் சேர்ந்ததுதான். 'ஐ ஆம் ஸ்கேரி' என்று ஒரு குழந்தை சொன்னால், பேய் வேடம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

5. "இன்டர்வியூக்கு முன்னாடி வர்ற பயத்துக்கு எது சரி? நாங்க எல்லாரும் டென்ஷன்னுதான் சொல்றோம்."

தமிழில் நாம் சொல்லும் டென்ஷனும் ஆங்கிலத்தில் உள்ள 'டென்ஷன்' என்ற சொல்லும் ஒலியில் மட்டுமே ஒன்று. நமக்குப் பதற்றமும் டென்ஷன், கோபமும் டென்ஷன். 'அப்பா டென்ஷன் ஆயிட்டார்' என்றால் திட்டப்போகிறார் என்று பொருள். 'ஐ ஆம் டென்ஷன்' என்பது ஆங்கிலத்தில் கேள்வி 3-இல் கண்ட அதே பிழை. ஆட்கள் எதிரில் இருக்க, நாம் ஒன்றைச் செய்துகாட்ட வேண்டியிருக்கும்போது வருகிற படபடப்புக்கு 'நெர்வஸ்' என்பதுதான் சரியான சொல். நேர்முகத் தேர்வு, மேடை, ஓட்டுநர் உரிமத்துக்காக எட்டுப் போடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஓசூரில் நேர்முகத் தேர்வு நடத்துகிறவர் முன்னால் 'ஐ ஆம் எ லிட்டில் நெர்வஸ்' என்று ஒருமுறை சொல்வதில் குறையொன்றும் இல்லை. 'ஐ ஆம் ஸ்கேர்டு' என்று சொல்ல வேண்டாம். அது அந்த ஆளைக் கண்டே பயந்ததுபோல் ஒலிக்கும்.

தேர்வு முடிந்து வீடு திரும்பிய பிறகு, வேலை கிடைக்குமா என்று உள்ளே அரித்துக்கொண்டிருப்பது 'வொரீடு' அல்லது 'ஆங்ஷஸ்'. இரண்டும் மூச்சோடு தொடர்புடையவை என்பது சுவையான செய்தி. 'ஆங்ஷஸ்' நெரித்தல், இறுக்குதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'வொரி' பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பதைக் குறித்தது, நாய் ஆட்டைக் கடித்துக் குதறுவதற்கு இன்றும் அதே சொல் வழங்குகிறது. 'ஆங்ஷஸ்' என்பதில் ஓர் எச்சரிக்கை: அதன்பின் 'அபௌட்' வந்தால் கவலை, 'டு' வந்தால் ஆவல். 'ஐ ஆம் ஆங்ஷஸ் டு ஜாயின்' என்றால் வேலையில் சேரத் துடிக்கிறேன் என்று பொருள்.

6. "எங்க ராகிக் காட்டுக்கு யானை வந்த கதையைச் சொல்லச் சொன்னாங்க. 'டெரிஃபைடு' தவிர வேற வார்த்தையே வரல. மாத்தி மாத்தி என்ன சொல்றது?"

கேட்டவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்தவர். பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கிவரும் பருவமும் ராகிக் கதிர் முற்றும் பருவமும் அங்கே ஒன்றாக வருகின்றன; இரவில் பரண் மேல் காவல் இருப்பது அந்த ஊர்களுக்குப் புதிதல்ல. அந்த ஒரே இரவில் பயத்தின் அத்தனை சொற்களுக்கும் இடம் இருக்கிறது. சாயங்காலம் டார்ச்சும் தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போதே, இன்றைக்கு வந்துவிடுமோ என்று மனம் கனத்துக் கிடப்பது 'ட்ரெட்'. வரப்போவது தெரிந்தும் தவிர்க்க முடியாமல் காத்திருக்கும்போது அழுத்துகிற பயம் அது. ஆபத்து எதிரில் வந்து நின்றுவிட்டால் அதற்கு வேலை இல்லை. நள்ளிரவில் தவளைச் சத்தம் சட்டென்று நின்று, காற்றுகூட அசையாமல், ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றுகிற அந்த அமைதி 'ஈரி'. இந்தச் சொல் சூழலுக்கு உரியது. 'ஐ வாஸ் ஈரி' என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை, 'இட் வாஸ் ஈரி' என்றுதான் சொல்வார்கள்.

பக்கத்து மூங்கில் புதரில் கிளை ஒன்று முறிகிறது. தூக்கிவாரிப் போடுகிறதே, அது 'ஸ்டார்ட்டில்டு'. இது பயம்கூட அல்ல, உடம்பு துள்ளுவது மட்டுமே. பூனையாக இருந்தால் அடுத்த நொடியே சிரித்துவிடலாம். அடுத்த பரணில் இருப்பவர் தகரத்தைத் தட்டுகிறார். ஆபத்து நெருங்குகிறது என்று மனம் விழித்துக்கொள்வது 'அலார்ம்டு'. 'ஆயுதம் ஏந்துங்கள்' என்ற இத்தாலியக் கூக்குரல்தான் 'அலார்ம்' ஆயிற்று. ஆகவே இந்தச் சொல்லில் பயத்தோடு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவசரமும் இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் ஒற்றைக் கொம்பன் பரணின் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. 'டெரிஃபைடு' என்ற சொல்லை இந்த இடத்துக்காகத்தான் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும். கையிலிருந்த பட்டாசைக் கொளுத்தத் தோன்றாமல், விரல்கூட அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்றால் 'பெட்ரிஃபைடு'. கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் பாறை; பெட்ரோலியம் என்பதன் முன்பாதியும் அதே பாறைதான். கிரானைட் மலைகளுக்கு நடுவில் வாழ்கிற நமக்குக் கல்லாய்ச் சமைந்தேன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

யானை போய்விட்டது, விடிந்துவிட்டது, டீக்கடையில் டம்ளரைப் பிடித்த கை இன்னும் நடுங்குகிறது. இதற்கு 'ஷேக்கன்' என்று பெயர். ஆபத்து கடந்த பின் உடம்பில் மிஞ்சியிருப்பது. பயந்து ஓடியவர்களின் கதையைக் கேள்வி 9-இல் பார்க்கலாம். உங்கள் கதையில் 'டெரிஃபைடு' ஒரே ஒருமுறை வரட்டும். யானை தெரிகிற அந்த இடத்தில் மட்டும் வந்தால் கேட்கிறவருக்கும் முதுகு சில்லிடும்.

7. "டெரிஃபைடு, ஹாரிஃபைடு ரெண்டும் குலை நடுங்கறதுதானே? எதை எங்க போடறது?"

தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் இறங்குகிற லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஓட்டுநர் 'டெரிஃபைடு'. சாலையோரத்தில் நின்று, அந்த லாரி முன்னால் போன கார்களின் மேல் ஏறுவதைப் பார்க்கிறவர் 'ஹாரிஃபைடு'. முதலாமவருக்குத் தன் உயிர் போகிற பயம். இரண்டாமவருக்குத் தன் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லாமல் இருக்கலாம். அவர் உணர்வது அதிர்ச்சி, பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்ட அருவருப்பு, தாங்க முடியாமை ஆகியவற்றின் கலவை. ஒரு குழந்தையைக் கொடுமைப்படுத்திய செய்தியைப் படித்தால் 'ஹாரிஃபைடு' ஆகலாம், 'டெரிஃபைடு' ஆவதில்லை.

'ஹாரர்' என்பதன் லத்தீன் வேருக்கு மயிர் சிலிர்த்து நிற்றல் என்று பொருள். நம் 'மயிர்க்கூச்செறிதல்' அப்படியே அதுதான். ஆனால் நாம் நல்ல பாட்டைக் கேட்டும் மயிர்க்கூச்செறிவோம், சாமி ஊர்வலத்திலும் மயிர்க்கூச்செறிவோம். 'ஹாரிஃபைடு' அந்தப் பக்கமே போகாது. இன்பச் சிலிர்ப்பு, பயச் சிலிர்ப்பு இரண்டுக்கும் பொதுவாக வருவது 'கூஸ்பம்ப்ஸ்'.

8. "அப்ப 'டெரிஃபிக்'னா பயங்கரம்தானே? மேனேஜர் என் வேலையைப் பார்த்து டெரிஃபிக்னு சொன்னார், எனக்குத் தூக்கம் வரல."

நிம்மதியாகத் தூங்கலாம், அவர் பாராட்டியிருக்கிறார். 'டெரிஃபிக்' ஒரு காலத்தில் அச்சமூட்டுகிற என்ற பொருளில்தான் வழங்கியது. பிறகு 'மிகப் பெரிய' என்றாகி, இன்று 'அருமை' என்ற பொருளில் நிலைத்துவிட்டது. அதே குடும்பத்தில் பிறந்த 'டெரிபிள்' எதிர்ப்பக்கம் போய் 'மிக மோசம்' ஆயிற்று. 'ஆசம்', 'ஆஃபுல்' என்ற இரட்டையரின் கதையும் இதுவே: பெருவியப்பு கலந்த அச்சம் என்ற ஒரே வேரிலிருந்து கிளம்பி, ஒன்று பாராட்டாகவும் மற்றொன்று வசையாகவும் முடிந்தன. 'ட்ரெட்ஃபுல்' என்ற சொல்லும் இன்று பெரும்பாலும் மோசம் என்பதற்கே வருகிறது. 'மேட்ச் பயங்கரமா இருந்துச்சு' என்று நாம் சொன்னால் யாரும் பயந்துபோய் ஆறுதல் சொல்ல வருவதில்லை அல்லவா?

9. "பேனிக்னா ரொம்ப ரொம்பப் பயம், சரிதானே?"

பயம் எவ்வளவு என்பதைவிட, பயந்தவர் என்ன செய்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம். பயத்தால் அறிவு கழன்று, கண்மண் தெரியாமல் எதையாவது செய்துவிடுவது 'பேனிக்'. ஒகேனக்கல் பரிசலில் போகும்போது அலை ஒன்று சற்று வேகமாக அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைஃப் ஜாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பயந்திருந்தாலும் 'பேனிக்' ஆகவில்லை. சட்டென்று எழுந்து நின்று, பரிசலையே ஒருபுறம் சாய்த்துவிடுகிறவர்தான் 'பேனிக்' ஆனவர். கூட்டத்துக்கு வருவதும் இதன் இயல்பு. ஒருவர் ஓடினால் காரணம் தெரியாமலே பத்துப் பேர் ஓடுவார்கள். ஆளில்லாத மலைகளில் மந்தைகளை மிரண்டோடச் செய்கிறவன் என்று கிரேக்கர் நம்பிய பான் என்ற தெய்வத்தின் பெயரிலிருந்துதான் இந்தச் சொல் பிறந்தது.

தமிழில் பீதி இதற்கு அருகில் வருகிறது. இறந்தகாலத்தில் 'பேனிக்ட்' என்று எழுதும்போது 'சி'க்குப் பிறகு ஒரு 'கே' சேர வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

10. "பஸ்ல ஒருத்தர் வழி முழுக்க என்னையே பார்த்துக்கிட்டு வந்தார். எதுவும் செய்யல. அதுக்கு ஸ்கேரின்னு சொல்லலாமா?"

'க்ரீப்பி' என்று சொல்லுங்கள். உடம்பில் ஏதோ ஊர்வதுபோன்ற கூச்சத்தையும், இந்த ஆள் ஏதாவது செய்துவிடுவானோ என்ற உறுத்தலையும் அந்த ஒரே சொல் சொல்லிவிடும். எதிரில் இருப்பவர் குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. உங்கள் உள்ளுணர்வு ஒதுங்கச் சொல்கிறது என்பதே அதன் பொருள். கேள்வி 6-இல் கண்ட 'ஈரி' இடத்துக்கும் அமைதிக்கும் வரும். 'க்ரீப்பி' ஆட்களுக்கும் வரும்.

11. "போன்ல பேசினவர் 'ஐ ஆம் அஃப்ரெய்டு ஹீ இஸ் நாட் இன்'ங்கறார். அவர் இல்லைன்னா இவர் ஏன் பயப்படணும்?"

இதில் பயம் சிறிதும் இல்லை. நீங்கள் விரும்பாத செய்தியைச் சொல்லும்போது, 'மன்னிக்க வேண்டும்' என்ற பணிவுக்காக முன்னால் வைக்கிற சொல் அது. பெங்களூரு அலுவலகங்களில் இதை நாளுக்குப் பலமுறை கேட்பீர்கள். 'ஐ ஆம் அஃப்ரெய்டு ஸோ' என்றால் 'ஆமாம், வருத்தம்தான்'. 'ஐ ஆம் அஃப்ரெய்டு நாட்' என்றால் 'இல்லை, மன்னியுங்கள்'. இந்த இடத்தில் 'ஸ்கேர்டு', 'ஃப்ரைட்டண்டு' இரண்டும் வராது. நல்ல செய்திக்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம். 'ஐ ஆம் அஃப்ரெய்டு யூ காட் தி ஜாப்' என்றால் கேட்கிறவர் குழம்பிப்போவார்.

12. "'அஃப்ரெய்டு டு', 'அஃப்ரெய்டு ஆஃப்' ரெண்டையும் பார்க்கறேன். 'ஆஃப்' மட்டும்தான்னு நீங்கதான சொன்னீங்க?"

கேள்வி 2-இல் சொன்னது பெயர்ச்சொல்லுக்கு. பின்னால் வினை வரும்போது இரண்டு வழிகள் உண்டு. நான்குவழிச் சாலையைக் கடக்கப் போகிற ஒரு மூதாட்டியை எண்ணிப்பாருங்கள். 'ஷீ இஸ் அஃப்ரெய்டு டு க்ராஸ்' என்றால் பயத்தால் கடக்காமல் நிற்கிறார். அவர் செய்யத் தயங்கும் செயல் 'டு'வுக்குப் பின் வருகிறது. 'ஷீ இஸ் அஃப்ரெய்டு ஆஃப் ஃபாலிங்' என்றால் விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார். தானாக நேர்ந்துவிடக்கூடியது 'ஆஃப்'க்குப் பின் வருகிறது. 'அஃப்ரெய்டு டு ஃபால்' என்றால், விழ வேண்டும் என்று நினைத்துத் துணிவில்லாமல் நிற்கிறார் என்று ஆகிவிடும். தயங்கும் செயலுக்கு 'அஃப்ரெய்டு ஆஃப் க்ராஸிங்' என்றும் சொல்லலாம். நேரக்கூடிய விபத்துக்கு 'டு' மட்டும் கூடாது.

'ஃபார்' என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு. அந்த மூதாட்டியின் பேரன் இந்தப் பக்கம் நின்று பதறுகிறான் என்றால், அவன் 'அஃப்ரெய்டு ஃபார் ஹெர்'. அவருக்காகப் பயப்படுகிறான். இதையே 'அஃப்ரெய்டு ஆஃப் ஹெர்' என்று எழுதினால் பாட்டியைக் கண்டாலே பேரனுக்கு நடுக்கம் என்று பொருள். சில வீடுகளில் அதுவும் உண்மைதான்.

13. "பேப்பர்ல 'ஃபியர்ட் ட்ரௌண்டு'ன்னு போடறாங்க. யார் பயந்தாங்க?"

நம் செய்தித்தாள்களிலும் 'நீரில் மூழ்கியிருக்கலாம் என அஞ்சப்படுகிறது' என்று படித்திருப்பீர்கள். உடல் கிடைக்கவில்லை, உறுதியாகவில்லை, ஆனால் நம்பிக்கை குறைவு என்பதை இரண்டு சொல்லில் அடக்கும் செய்தி நடை இது. மூழ்கியவர் பயந்தார் என்று பொருளல்ல. பேச்சில் இந்த வடிவம் வராது.

14. "கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதணும். எங்க நிலம் போயிடுமோன்னு பயமா இருக்குன்னு எப்படி எழுதறது? 'ஸ்கேர்டு'ன்னு எழுதினா நல்லாவா இருக்கும்?"

நன்றாக இராது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிற மனுவில் 'ஸ்கேர்டு' என்று எழுதினால் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். நிதானமும் காரணமும் கூடிய சொற்கள் இரண்டு இருக்கின்றன. 'வி ஆர் கன்சர்ன்டு தட்' என்றால் கவலை கொள்கிறோம் என்று பொருள். அதில் உரிமையின் தொனியும் இருக்கிறது. 'வி ஆர் அப்ரிஹென்சிவ் தட்' என்றால் நடந்துவிடக்கூடும் என்று ஐயுற்று அஞ்சுகிறோம் என்று பொருள். 'ஆங்ஷஸ்' மனத்தின் நெரிசலைச் சொல்லும். 'அப்ரிஹென்சிவ்' வரப்போவதை ஊகித்து எழும் அச்சத்தைச் சொல்லும் என்பதால் மனுவுக்கு அதுவே பொருந்தும்.

காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எழுதுகிற ஆங்கிலத்தில் இதன் வினைவடிவமான 'அப்ரிஹெண்ட்' அடிக்கடி வரும். 'அப்ரிஹெண்டிங் அரெஸ்ட்' என்றால் கைதாகக்கூடும் என்று அஞ்சி. முன்ஜாமீன் மனுக்களில் காணலாம். அதே வினைக்குப் பிடித்தல், கைதுசெய்தல் என்ற பொருளும் உண்டு. ஆகையால் 'தி போலீஸ் அப்ரிஹெண்டட் ஹிம்' என்பதைப் 'போலீசார் அவனைக் கண்டு அஞ்சினர்' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

15. "கரப்பான்பூச்சின்னா எனக்கு ஆகாது. அது ஃபோபியாவா? எங்க நர்சிங் புத்தகத்துல ஹைட்ரோஃபோபியான்னா ரேபீஸ்னு இருக்கே?"

பிடிக்காதது எல்லாம் 'ஃபோபியா' அல்ல. காரணத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவில், நீண்டகாலம் நீடித்து, அன்றாட வாழ்க்கையையே மாற்றிக்கொள்ளச் செய்கிற அச்சத்துக்கு மருத்துவம் வைத்த பெயர் அது. மாடியில் வேலை என்பதற்காக ஒருவர் நல்ல வேலையையே விட்டுவிட்டால் 'அக்ரோஃபோபியா'வாக இருக்கலாம்; உயரத்தில் தலை சுற்றுகிறது என்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது வெறும் பயம். 'ஆங்ஸைட்டி'யும் அப்படித்தான்: பேச்சில் பதற்றம், மருத்துவரின் குறிப்பில் ஒரு நோயின் பெயர். நோயாளியின் கோப்பில் எழுதும்போது செவிலியர்கள் இந்த வேறுபாட்டில் கவனமாக இருக்க வேண்டும். பயந்திருக்கிறார் என்பதற்கு 'பேஷண்ட் இஸ் ஆங்ஷஸ்' என்று எழுதலாம், 'ஹேஸ் ஆங்ஸைட்டி டிஸ்ஆர்டர்' என்று எழுதக் கூடாது.

வெறிநாய்க்கடி நோயில் தண்ணீரை விழுங்க முயன்றாலே, சில நேரம் தண்ணீரைப் பார்த்தாலே, தொண்டைத் தசைகள் வலியோடு இழுத்துக்கொள்கின்றன. அதைத்தான் நீருக்கு அஞ்சுதல் என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் 'ஃபோபோஸ்' என்பது அச்சத்தின் தெய்வம். செவ்வாய்க் கோளின் இரண்டு நிலவுகளை 1877-இல் ஆசஃப் ஹால் கண்டுபிடித்தபோது, ஒன்றுக்கு ஃபோபோஸ், மற்றொன்றுக்கு டெய்மோஸ் என்று பெயர் வைக்கப்பட்டது. போர்த் தெய்வத்தின் பெயர் கொண்ட கோளுக்கு அச்சமும் நடுக்கமும் துணை. 'ஸீனோஃபோபியா' போன்ற சொற்களில் பயத்தைவிட வெறுப்பே மேலோங்கி நிற்கும். வெளியாரை வெறுப்பவர் அவர்களைக் கண்டு நடுங்க வேண்டும் என்பதில்லை.

16. "வயித்துல புளியைக் கரைக்குதுன்னு சொல்றதுக்கு 'பட்டர்ஃப்ளைஸ் இன் தி ஸ்டமக்' சரியா?"

சரியில்லை. வயிற்றில் பட்டாம்பூச்சி என்பது கேள்வி 5-இன் 'நெர்வஸ்' வகை. அதில் இனிய எதிர்பார்ப்புகூடக் கலந்திருக்கலாம், பெண் பார்க்க வருகிற நாளில் அதைச் சொல்லலாம். புளியைக் கரைப்பது கெட்ட செய்தி வந்துவிட்டது, இனி என்ன ஆகுமோ என்ற கலக்கம். அதற்கு 'மை ஹார்ட் சாங்க்' அல்லது 'மை ஸ்டமக் சர்ன்ட்' நெருங்கி வரும். பேயறைந்தது போல நின்றான் என்பதற்கு 'பேயைப் பார்த்தவன் போல' என்ற பொருளில் 'ஆஸ் இஃப் ஹீ ஹாட் சீன் எ கோஸ்ட்' உண்டு. அங்கே பேய் அறைவதில்லை, தென்படுவதோடு சரி. 'கோல்டு ஃபீட்' என்பதைக் கை கால் சில்லிட்டது என்று எடுத்துக்கொள்வோர் பலர். உண்மையில், ஒப்புக்கொண்ட காரியத்திலிருந்து கடைசி நேரத்தில் மனம் பின்வாங்குவதையே அது குறிக்கும்.

17. "சாமிக்குப் பயம், அப்பாவுக்குப் பயம்னு சொல்றோம். அதுக்கும் 'அஃப்ரெய்டு'தானா?"

இந்தத் தொகுப்பிலேயே கடினமான கேள்வி இது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை. கொல்ல வருகிற விலங்கும், வணங்கத்தக்க தலைமையும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். நம் பயம் என்ற சொல் இன்றுவரை அந்த நான்கையும் சுமக்கிறது. ஆங்கிலத்தின் 'அஃப்ரெய்டு' இவற்றில் விலங்கையும் கள்வரையும் நன்றாகத் தாங்கும். அணங்கின் பக்கம் 'ஈரி' வருகிறது. 'தம் இறை' என்பதற்குத்தான் அது போதவில்லை. 'ஷீ இஸ் அஃப்ரெய்டு ஆஃப் காட்' என்றால் தண்டனைக்கு நடுங்குகிறாள் என்ற தொனி வந்துவிடும். பயபக்தியுள்ளவர் என்பதற்கு 'காட்-ஃபியரிங்' என்ற சொல் உண்டு; பழைய 'ஃபியர்' தன் மரியாதைப் பொருளை அங்கே மட்டும் கைவிடாமல் வைத்திருக்கிறது.

அப்பா விஷயத்தில், அவர் அடிப்பார் என்று பயந்தால் 'அஃப்ரெய்டு ஆஃப்' சரி. அவர் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்காரத் தோன்றாது, குரல் உயராது என்ற பொருளில் சொல்கிறீர்கள் என்றால் 'ஐ ரெஸ்பெக்ட் மை ஃபாதர் டூ மச் டு ஆர்க்யூ வித் ஹிம்' என்பதுபோல் விரித்துத்தான் சொல்ல வேண்டும். அயல்நாட்டவர் ஒருவரிடம் 'வி ஆர் ஆல் அஃப்ரெய்டு ஆஃப் மை ஃபாதர்' என்று பெருமையாகச் சொன்னால், அவர் உங்கள் வீட்டு நிலைமையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுவார்.

18. "என் பொண்ணு பயந்த சுபாவம்னு டீச்சருக்கு எழுதணும். 'கவர்ட்'னு எழுதலாமா?"

கூடவே கூடாது. 'கவர்ட்' கோழை என்ற வசை. இயல்பிலேயே எதற்கும் ஒதுங்கி நிற்கிற குழந்தைக்கு 'டிமிட்' என்று சொல் உண்டு. அதிலும் சற்றுக் குறை கூறும் தொனி இருப்பதால், புது ஆட்களிடம் மட்டும் பேசக் கூச்சப்படுகிறாள் என்றால் 'ஷை' என்று எழுதுங்கள். கூச்சம் வேறு, பயம் வேறு என்பதை ஆசிரியரும் உடனே புரிந்துகொள்வார். குறிப்பிட்ட ஒன்றுக்குத்தான் பயம் என்றால் சுபாவத்தைப் பற்றியே எழுத வேண்டாம். 'ஷீ இஸ் அஃப்ரெய்டு ஆஃப் லௌட் வாய்ஸஸ்' என்று எதற்குப் பயம் என்பதை மட்டும் எழுதுங்கள். சத்தம் போட்டால் நடுங்குகிறாள் என்று தெரிந்தால், ஆசிரியர் குரலைத் தணித்துக்கொள்ள முடியும்.